எட்டு கேமரா சரி... எத்தனை நாள், அண்ணாச்சி?

சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளிக்கடைக்கோ நகைக்கடைக்கோ கேமரா மாட்டப் போகிறார்கள் என்றால், அங்கே நடக்கும் பேச்சு அநேகமாக இப்படித்தான் இருக்கும்.

"எத்தன கேமரா தம்பி வேணும்?"

"எட்டு போதும் அண்ணாச்சி. கல்லாவுக்கு ஒண்ணு, வாசலுக்கு ரெண்டு, குடோனுக்கு ரெண்டு, மிச்சம் உள்ள."

"போன்ல தெரியுமாடே?"

"மெட்ராஸ்ல இருந்தாலும் பாக்கலாம் அண்ணாச்சி."

"ராத்திரி கலராத் தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி."

"அப்ப மாட்டிரு."

அவ்வளவுதான். வியாபாரம் முடிந்தது! கத்தரிக்காய் வாங்கும்போது கூட காம்பைப் பார்த்து, அமுக்கிப் பார்த்து, நாலு கேள்வி கேட்டு வாங்குகிற அண்ணாச்சி, பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் பொருளில் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. எத்தனை நாள் பதிவு நிற்கும்? மாட்டுகிற தம்பியும் அதைத் தானாகச் சொல்வதில்லை. கொட்டேஷனில் கடைசி வரியில் "1 டிபி ஹார்ட் டிஸ்க்" என்று ஒரு வரி இருக்கும். ஏதோ பெரிய எண்ணிக்கை போலிருக்கிறது என்று எல்லோரும் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

அந்த 1 டிபி எவ்வளவு என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் பதியும் கேமரா ஒரு நாளைக்கு 10.8 ஜிபி தின்னும். (ஒரு நாளைக்கு 86,400 நொடி. எட்டு பிட் ஒரு பைட். வகுத்துக்கொள்ளுங்கள், பள்ளிக்கூடக் கணக்குதான்.) 4 மெகாபிக்சல் கேமரா ஒன்று பழைய ஹெச்.264 முறையில் நொடிக்கு 4 மெகாபிட் வரை எடுத்துக்கொள்ளும். அப்படியென்றால் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 43.2 ஜிபி. எட்டு கேமராவுக்கு 345.6 ஜிபி. 1 டிபி என்பது 1000 ஜிபி. ஆக மூன்று நாள் கூட முழுசாக வராது! புதிய ஹெச்.265 முறையில் பாதியாகக் குறைந்து 2 மெகாபிட் ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும் ஆறு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. திங்கட்கிழமை நடந்ததை அடுத்த திங்கட்கிழமை தேடினால் இருக்காது.

"அதுக்குத்தான் ஸ்மார்ட் கோடெக் இருக்கே, அசைவு இருந்தா மட்டும் பதியுமே" என்று சொல்வார்கள். உண்மைதான். ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் அது இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் இதில் உள்ள வேடிக்கையைப் பாருங்கள். ஆடித் தபசு சமயத்தில் கொடியேறியதிலிருந்து தபசுக் காட்சி முடியும்வரை பத்து நாளுக்கு மேல் ஊரே ஜனக்கடல். ரத வீதியைப் பார்த்த கேமராவில் ஒரு நொடி கூட அசைவில்லாமல் இருக்காது. அப்போது இந்த ஸ்மார்ட் எல்லாம் எங்கே மிச்சப்படுத்தும்? தீபாவளிக்கு முந்தைய வாரம் ஜவுளிக்கடைக்குள்ளேயும் இதே கதைதான். சும்மா கிடக்கும் மார்ச் மாதத்தில் பதினைந்து நாள் காட்டிய பெட்டி, கூட்டம் வரும்போது ஐந்து நாளாகச் சுருங்கிவிடும். எப்போது தேவையோ அப்போது குறையும்! இரவில் வெளிச்சம் கம்மியானால் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியுமே, அந்தப் புள்ளிகளையும் அசைவு என்று நினைத்து அதற்கும் இடம் கொடுத்துக்கொண்டிருக்கும் இந்தப் புத்திசாலிப் பெட்டி.

சரி, ஏன் இத்தனை நாள் வேண்டும்? திருடன் வந்தால் மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடாதா? பூட்டை உடைத்தால் தெரியும். ஆனால் கடைக்காரர்களுக்கு நஷ்டம் பூட்டை உடைத்து மட்டுமா வருகிறது? விசைத்தறி வைத்திருப்பவர் நூல் மூட்டையை மாதக் கடைசியில்தான் எண்ணுவார். இரண்டு மூட்டை குறைகிறது என்று 30-ம் தேதி தெரியும். போனது 8-ம் தேதியாக இருக்கும். நகைக்கடையில் ஒரு மோதிரத்தை எடுத்துவிட்டுப் போலியை வைத்துவிட்டுப் போனவர் ஸ்டாக் எடுக்கும் நாளில்தான் மாட்டுவார். கொடுத்த பணம் குறைவு என்று மொத்த வியாபாரி இருபது நாள் கழித்துச் சண்டைக்கு வருவார். வேலை பார்க்கும் பெண் மீது வீண் பழி போட்டால், அந்தப் பெண் தன் பக்கத்தை நிரூபிக்கவும் அதே பழைய பதிவுதான் வேண்டும். இதையெல்லாம் யோசித்தால் 30 நாள் என்பது ஆடம்பரம் இல்லை. எட்டு கேமராவுக்கு 2 மெகாபிட் கணக்கில் 30 நாளுக்கு 5.2 டிபி. ஒரு 6 டிபி டிஸ்க் போட்டால் போதும், நாலைந்து நாள் உபரியாகவே நிற்கும். பிரமாதமான தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. ஒரே ஒரு டிஸ்க்கின் அளவை மாற்றினால் தீரும் பிரச்னை இது.

நாள் கணக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிய தூரமாகப் போக வேண்டாம். பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியில் சாத்தான்குளம் இருக்கிறது.

2020 ஜூன் 19. ஊரடங்கு நேரம். செல்போன் கடை வைத்திருந்த ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் கடையைக் குறித்த நேரத்தில் அடைக்கவில்லை என்று காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 22-ம் தேதி இரவு மகனும், 23-ம் தேதி காலை தந்தையும் இறந்துபோனார்கள். நாடே கொதித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் அந்தக் காவல் நிலையத்துக்கே போய் விசாரித்தார்.

அவர் அறிக்கையில் இருந்த ஒரு விஷயம், கேமரா வாங்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. காவல் நிலையத்தில் கேமரா இருந்தது. பதிவுப் பெட்டி இருந்தது. அதில் 1 டிபி டிஸ்க் இருந்தது. அதில் போதுமான இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாகவே அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்தது. 19-ம் தேதி இரவின் பதிவு இல்லை.

இது எப்படி என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். பதிவுப் பெட்டிகள் பொதுவாக டிஸ்க் நிறையும்வரை பதிந்துகொண்டே போகும். நிறைந்த பிறகு, இருப்பதிலேயே பழைய பதிவின் மேல் புதியதை எழுதும். இடம் காலியாக இருக்கும்போது பழையதை அழிக்க அதற்கு அவசியமே கிடையாது. ஆனால் மெனுவுக்குள் போனால் பதிவுக்கு ஆயுள் நாள் குறிக்கும் வசதி பல பெட்டிகளில் உண்டு. அதில் ஒன்று என்று குறித்தால் ஒரு நாள்தான். டிஸ்க் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை. கேமராவில் சிவப்பு விளக்கு எரியும், டிவியில் படம் ஓடும், பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பது போலவே தெரியும். மறுநாள் தேடினால் வெறும் கறுப்புத் திரை.

இதற்கு நேர் எதிராக இன்னொரு கேமராவும் அந்தக் கதையில் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கையில், கடை முன்னால் கூட்டம் இருந்தது, கலைந்து போகச் சொன்னபோது தகராறு செய்தார்கள், தரையில் உருண்டு புரண்டு காயப்படுத்திக்கொண்டார்கள் என்றெல்லாம் எழுதப்பட்டிருந்தது. பக்கத்துக் கடை ஒன்றின் கேமராப் பதிவு சில நாள் கழித்து வெளியே வந்தது. அதில் கூட்டமும் இல்லை, உருளலும் இல்லை. தந்தை போலீசாருடன் பேசுகிறார், நடந்து போகிறார். யாரோ ஒரு அண்ணாச்சி தன் கடைப் பாதுகாப்புக்காக மாட்டிய கேமரா! அது மட்டும் மூன்று நாள் பெட்டியாக இருந்திருந்தால்? தந்தையும் மகனும் இறப்பதற்கு முன்பே அந்தக் காட்சி அழிந்துபோயிருக்கும். எழுதி வைத்த கதைதான் சாட்சியாக நின்றிருக்கும்.

கேமரா என்றால் திருடனைப் பிடிக்க என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கும் வியாபாரிகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இறந்த இருவரும் வியாபாரிகள். அவர்கள் பக்கம் சாட்சி சொன்னதும் ஒரு வியாபாரியின் டிஸ்க்தான்.

அதே 2020-ல் டிசம்பர் 2-ம் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும். வாசல், லாக்கப், வராந்தா, ஆய்வாளர் அறை, கொல்லைப்புறம் என்று ஓர் இடம் விடாமல் வேண்டும். ஒலியும் பதிவாக வேண்டும். பதிவு 18 மாதம் நிற்க வேண்டும். அப்படிப்பட்ட கருவி கிடைக்காவிட்டால் குறைந்தது ஒரு வருடமாவது நிற்க வேண்டும். படிக்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் யாராவது கணக்குப் போட்டார்களா? ஒரு நிலையத்துக்கு 13 கேமரா, ஒவ்வொன்றும் 2 மெகாபிட் என்றால் ஒரு வருடத்துக்கே 100 டிபியைத் தாண்டுகிறது. 18 மாதத்துக்கு 150 டிபிக்கு மேல். எட்டு டிஸ்க் போடும் பெரிய பெட்டியில் எல்லாமே 20 டிபி டிஸ்க்காகப் போட்டால்தான் தேறும். அதற்குப் பணம் ஒதுக்காமல் ஆணை மட்டும் இருந்தால் என்ன ஆகும்? கேமரா மட்டும் தொங்கும். 2025 செப்டம்பரில் காவல் நிலையங்களில் கேமரா வேலை செய்யாதது பற்றி அதே உச்ச நீதிமன்றம் மறுபடி தானாக வழக்கு எடுக்க வேண்டி வந்தது.

கொடுமை என்னவென்றால், வியாபாரிகளைக் கேமரா மாட்டச் சொல்லி ஊர் ஊராகக் கூட்டம் போடுவதும் இதே காவல்துறைதான். பொதுக் கட்டடங்களில் கேமரா கட்டாயம் என்று தமிழ்நாட்டில் நகராட்சிப் பகுதிகளுக்கு 2012-லேயே விதி வந்துவிட்டது. ஒரு கேமரா நூறு போலீசுக்குச் சமம் என்று போஸ்டர் ஒட்டுகிறார்கள். நல்லது. அந்த நூறு போலீஸ் எத்தனை நாள் ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று போஸ்டரில் போடுவதில்லை.

அடுத்து, பெட்டியை எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். கல்லாவுக்குக் கீழே! மேலே டிவி, கீழே பெட்டி, பக்கத்தில் சாமி படம். கடைக்குள் நுழைந்த யாருக்கும் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். திருடர்களும் இப்போது கொட்டேஷன் படிக்கிறவர்களாக ஆகிவிட்டார்கள். 2023 பிப்ரவரி 10-ம் தேதி அதிகாலை சென்னை பெரம்பூரில் ஒரு நகைக்கடையின் ஷட்டரை வெல்டிங் கட்டரால் ஓட்டை போட்டு சுமார் 9 கிலோ தங்கத்தை அள்ளினார்கள். போகும்போது கேமராப் பதிவுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டே நாளில், 12-ம் தேதி அதிகாலை, திருவண்ணாமலைப் பக்கம் நான்கு ஏடிஎம்களை வெட்டி 70 லட்சத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டு, தடயமே இல்லாமல் போகட்டும் என்று தீயும் வைத்துவிட்டுப் போனார்கள். நகை, பணம் போனதோடு சாட்சியும் போனது.

இங்கேதான் சிலர் ரெய்டு, மிரரிங் என்று ஆரம்பிப்பார்கள். இரண்டு டிஸ்க்கில் ஒரே பதிவை எழுதுவது. ஒரு டிஸ்க் செத்துப்போனால் இன்னொன்று காப்பாற்றும், சரிதான். ஆனால் இரண்டும் ஒரே பெட்டிக்குள்தானே இருக்கிறது? திருடன் பெட்டியோடு தூக்கினால் இரண்டும் சேர்ந்தே போகும். பெட்டியை வேறு அறையில், பூட்டும் இரும்பு அலமாரியில், காற்று வரும்படி வைக்க வேண்டும். கடையில் டிவி மட்டும் இருக்கட்டும். என்விஆர் என்றால் இது ரொம்ப சுலபம். பழைய டிவிஆருக்கு ஒவ்வொரு கேமராவின் வயரும் பெட்டிவரை போக வேண்டும். ஐபி கேமராவுக்கு நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை ஸ்விட்சுக்குப் போனால் போதும். கேமராவுக்குக் கரண்டும் அதே கேபிளில் போகும். பெட்டி மாடியிலோ பின்கட்டிலோ எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். பல ஐபி கேமராக்களில் மெமரி கார்டு போடும் இடமும் உண்டு. கல்லா, வாசல் இரண்டுக்கும் கார்டு போட்டுவிட்டால், பெட்டி போனாலும் அந்த இரண்டின் பதிவு கேமராவிலேயே நிற்கும்.

எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு மறுபடி கணக்குதான் பதில். எட்டு கேமராவின் ஒரு மாதப் பதிவு 5.2 டிபி. பல ஃபைபர் திட்டங்களின் மாத உச்சவரம்பே 3.3 டிபிதான். அன்லிமிடெட் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்குமே, அதன் அர்த்தம் இதுதான். கல்லாவையும் வாசலையும் மட்டும் வெளியே அனுப்புங்கள். மற்றது உள்ளேயே இருக்கட்டும்.

விசைத்தறிக் கூடம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. எந்த விற்பனைப் புத்தகத்திலும் சங்கரன்கோவில் தறியை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். ஹார்ட் டிஸ்க்குக்கு ஆகாத மூன்று விஷயங்கள் தூசி, சூடு, அதிர்வு. தறிக் கூடத்தில் மூன்றும் இலவசம்! பஞ்சுத் தூசி பெட்டியின் மின்விசிறியை அடைத்து உள்ளே சூட்டை ஏற்றும். தறி அடிக்கிற அடியில் சுவரே அதிரும். அந்தச் சுவரில் அடித்த பலகையில் பெட்டியை வைத்தால், உள்ளே சுழலும் தட்டுக்கு மேலே மயிரிழை இடைவெளியில் ஓடும் முள் என்ன பாடுபடும்? தறிச் சத்தம் கேட்காத அறையில் வையுங்கள். கேபிள் கூடுதலாக ஆனால் ஆகட்டும்.

டிஸ்க்கிலும் ஏமாற்று உண்டு. சாதாரண கம்ப்யூட்டர் டிஸ்க்கையே பதிவுப் பெட்டியில் செருகிக் கொடுத்துவிடுவார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஓடவும் செய்யும். ஆனால் கம்ப்யூட்டர் டிஸ்க் பகலில் கொஞ்ச நேரம் வேலை செய்யத்தான். வருடத்துக்கு 55 டிபி வரை எழுதிப் படிக்கலாம் என்று தயாரிப்பாளரே வரையறுத்த டிஸ்க்குகள் அதில் உண்டு. கண்காணிப்புக்கென்றே செய்யும் டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் வகைகளுக்கு 180 டிபி அளவு சொல்கிறார்கள். எட்டு கேமரா 4 மெகாபிட்டில் ஓடினால் வருடத்துக்கு 126 டிபி எழுதும். எந்த டிஸ்க் சீக்கிரம் மூச்சை விடும் என்று சொல்லத் தேவையில்லை. அதிலும் டிஸ்க் செத்தது பல கடைகளில் யாருக்குமே தெரியாது. நேரலைப் படம் டிஸ்க் இல்லாமலும் ஓடுமே! பெட்டி கீச் கீச் என்று கத்தும். சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று பஸ்ஸரை நிறுத்திவிடுவார்கள்.

யுபிஎஸ் பற்றி ஒரே வரி: பெட்டிக்கும் வேண்டும், ஸ்விட்சுக்கும் வேண்டும், ஏனென்றால் திருடன் முதலில் கை வைப்பது மெயினில்.

மெகாபிக்சல் பற்றியும் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். தெரியாத ஒருவரை அடையாளம் காட்டும் அளவுக்கு முகம் தெரிய வேண்டுமானால் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது சர்வதேசத் தர அளவு. 2 மெகாபிக்சல் கேமராவின் அகலம் 1920 பிக்சல். ஏழு ஏழரை மீட்டர் அகலத்துக்கு மேல் காட்டினால் முகம் போய்விடும். கடை முகப்பு முழுவதும், எதிர்த்த கடை, தேர் நிற்கும் இடம் எல்லாம் ஒரே கேமராவில் தெரிகிறது என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை. எல்லாம் தெரியும், யாரும் தெரிய மாட்டார்கள்.

நிறைய நாள் வைத்தால் ஆபத்தும் அதிகம் இல்லையா? இது நியாயமான கேள்வி. இதைக் கேட்பவர்களை மடக்கத் தேவையில்லை. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள், பெண்களைப் பரிசோதிக்கும் காட்சிகள், இணையத்தில் விற்பனைக்கு வந்தன. எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொற்களே திருடர்களுக்கு வாசலாக இருந்ததாகக் காவல்துறை தரப்பில் சொல்லப்பட்டது. அதற்கு எட்டு வருடத்துக்கும் முன்பே, 2016 அக்டோபரில், மிராய் என்ற நிரல் உலகம் முழுவதும் கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் ஆலையில் வைத்த கடவுச்சொல்லோடு திறந்து படையாகச் சேர்த்து, அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களையே பல மணி நேரம் முடக்கிப் போட்டது. இத்தனைக்குப் பிறகும் நம் ஊர்க் கடைகளில் பாஸ்வேர்டு என்ன? கடைப் பெயரும் 123-ம்! மாட்டிய தம்பியின் போனிலும் அதே பாஸ்வேர்டு இருக்கும். அவர் மாட்டிய நாற்பது கடைக்கும் அதுவே இருக்கும். ஜவுளிக்கடையில் பெண்கள் சேலையை மேலே போட்டுப் பார்க்கும் இடம் எட்டாவது கேமராவில் தெரிகிறது என்றால், அது உலகத்தில் யார் யாருக்குத் தெரிகிறது?

இதற்கு மருந்து மூன்று நாளில் அழிப்பது இல்லை. அந்த மூன்று நாளையும் திருடலாம்தானே? உடை மாற்றும் இடத்தின் பக்கம் கேமராவையே திருப்பாதீர்கள். பாஸ்வேர்டை முதலாளி தன் கையால் மாற்ற வேண்டும். போனில் பார்க்கத் தேவையில்லாத கேமராவுக்கு வெளி இணைப்பே வேண்டாம். 30 நாள் ஆனதும் அழியட்டும். வருடக்கணக்கில் வேலைக்காரர்களைப் பதிந்து வைத்திருக்க எந்தக் கடைக்கும் தேவையில்லை. 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறார்களா என்று கேட்டு வாங்குவது வாங்குபவர் உரிமை.

பதிவு இருந்தும் பயன்படாமல் போவது இன்னொரு சோகம். 2010-ல் வாரணாசியில் ஒரு ஓட்டல் அறையில் இத்தாலியர் ஒருவர் இறந்தார். கூடத் தங்கியிருந்த இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஓட்டலில் கேமரா இருந்தது. யார் அறைக்குள் போனார், யார் வந்தார் என்று அதில் தெரிந்திருக்கும். அதை நீதிமன்றத்தில் காட்டவே இல்லை! 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கையில் இருந்த சிறந்த சாட்சியத்தைக் காட்டாததை அரசுத் தரப்புக்கு எதிராகவே எடுத்துக்கொண்டு இருவரையும் விடுவித்தது. அதற்குள் அவர்கள் வாழ்க்கையில் ஐந்து வருடம் சிறையில் போய்விட்டது.

இப்போது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவைக் கொடுக்கும்போது கூடவே ஒரு சான்றிதழும் வேண்டும். எந்தக் கருவியில் பதிந்தது, கருவி ஒழுங்காக ஓடியதா என்பதோடு, கோப்பின் ஹாஷ் மதிப்பையும் அதில் எழுத வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு புள்ளி மாறினாலும் அது மாறிவிடும். டிவியில் ஓடுவதை செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் இதற்கு ஆகாது. பெட்டியிலிருந்து நேராக பென்டிரைவில் எடுக்கத் தெரிந்த ஒருவராவது கடையில் இருக்க வேண்டும். கூடவே கடிகாரம்! பெட்டிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துபோனால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் ஓடிவிடும். அந்த லட்சணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் எதிர்த் தரப்பு வக்கீலுக்கு வேலை மிச்சம். நேரத்தை இணையத்திலிருந்து தானாகத் திருத்திக்கொள்ளும் வசதி மெனுவிலேயே இருக்கிறது. மாட்டும் அன்றைக்கே போட்டுவிட்டால் ஒரு நிமிட வேலை.

செலவைச் சொல்லி மறுப்பவர்கள் தங்கள் கடை வாசலில் எரியும் எல்இடி போர்டின் பில்லை எடுத்துப் பார்க்கலாம். 1 டிபிக்கும் 6 டிபிக்கும் உள்ள வித்தியாசம் அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. பணம் இழுக்கிறது என்றால் எட்டு கேமராவை ஆறாகக் குறைத்துக்கொண்டு டிஸ்க்கைப் பெரிதாக்கலாம். டிஸ்க் ஒன்றுக்கு மட்டும் இடம் உள்ள பெட்டியைத் தவிர்த்து இரண்டு போடும் பெட்டியாக வாங்கினால் நாளைக்குச் சேர்த்துக்கொள்ளலாம். பெட்டி மொத்தமாக எத்தனை மெகாபிட் உள்ளே வாங்கும் என்பதையும் பார்க்க வேண்டும். 80 மெகாபிட் வாங்கும் பெட்டியில் 6 மெகாபிட் கேமரா பதினாறை மாட்டினால் 96 ஆகிறது, தாங்காது.

கொட்டேஷனில் "1 டிபி ஹார்ட் டிஸ்க்" என்ற வரியை அடித்துவிட்டு, "எட்டு கேமரா, முழுத் தெளிவு, இரவு பகல், 30 நாள்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டேன் என்பவரிடம் வாங்க வேண்டாம். எழுதித் தந்தால் பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள். 31-ம் நாள் காலையில் ப்ளேபேக்கைத் திறந்து, மாட்டிய அன்று தம்பி ஏணியில் நின்று கேமராவைத் துடைப்பது எட்டு கட்டத்திலும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள், அண்ணாச்சி.